தூங்காத கணினிக்கு ஃபார்மேட் மருந்தல்ல

அண்ணே, “கணினி தானாக ஸ்லீப்புக்குப் போகாவிட்டால் விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மேட்தான் வழி” என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஃபார்மேட் என்றால் வட்டில் உள்ளதை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவது. பெரும்பாலும் ஏதாவது ஒரு புரோகிராம்தான் அதைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும். கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, powercfg /requests என்று ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி விட்டு அடித்து என்டர் தட்டுங்கள். பிடித்து வைத்திருப்பது எது என்று காட்டிவிடும். யாங்கோனில் எங்கள் வீட்டில் அது, சத்தத்தைக் குறைத்துவிட்டு பிரவுசரில் மூட மறந்த வானொலிப் பக்கம். மூடினோம், சரியாகிவிட்டது. அங்கே ஒன்றுமே வராவிட்டால் மவுஸைக் கழற்றிப் பாருங்கள். பளபளக்கும் மேசையில் அது தானாக அசைவதும் உண்டு. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரி வீணாகிறதே என்ற பதற்றம் புரிகிறது. ஆனால் குடும்பப் படங்களை வேறிடத்தில் எடுத்து வைக்காமல் யாரும் ஃபார்மேட்டில் கை வைக்காதீர்கள்.