பரிவட்டம் இல்லைங்க, வேலை

நம் குழுவின் சனிக்கிழமை ஜூம் கூட்டத்தில் அயர்லாந்தின் புனைவு லாரியேட் பதவியைப் பற்றி நடந்த பேச்சை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரியிலிருந்து ஆளாளுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள், "அக்கா, பாத்தீங்களா, உங்களத்தான் சொல்றார்" என்று. பார்த்தேன். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். மைக்தான் மியூட்டில் இருந்தது, காது இல்லை.

கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை. இப்போது அந்தப் பதவியில் இருக்கிற ஐரிஷ் எழுத்தாளர் எய்லீஷ் நீ கிவ்னே ('நீ கிவ்னே' அவருடைய குடும்பப் பெயர்) பற்றி நான் பத்து நிமிடம் பேசி முடித்ததும் குழுவின் அண்ணன் ஒருவர் திருவாய் மலர்ந்தது இதுதான்: "ஜாய்ஸுக்கு அப்புறம் அயர்லாந்துல யாரு இருக்கா? இதுல புனைவுக்குன்னு ஒரு லாரியேட் பதவி, அதுக்கு ஒரு சம்பளம், பேரே கேள்விப்படாத ஒரு அம்மாவ பிடிச்சு உக்கார வச்சிருக்காங்க." உடனே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. அதில் என் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போனவர்களும் உண்டு, சரி, இருக்கட்டும்.

முதலில் ஒன்று. அது உட்கார வைக்கிற பதவியே இல்லை. ஊர்த் திருவிழாவில் பெரிய மனிதருக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வது மாதிரி இதை நினைத்துக்கொள்கிறீர்கள், அதனால்தான் "இவருக்கு அந்தத் தகுதி உண்டா, அவருக்கு ஏன் இல்லை" என்றே பேச்சு போகிறது. இது பரிவட்டம் இல்லைங்க, வேலை. அரசுப் பணத்தில் கலைகளுக்கு உதவுகிற அயர்லாந்து ஆர்ட்ஸ் கவுன்சில் 2015இல் ஆரம்பித்த வேலை, ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒருவர். முதலில் ஆன் என்ரைட், அடுத்து 2018இல் செபாஸ்டியன் பாரி, 2022இல் கொலம் டோபீன், 2025இலிருந்து நீ கிவ்னே. புத்தகத்துக்குப் பரிசு கொடுக்க இந்த உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், என்ரைட்டுக்கு 2007லேயே புக்கர் கொடுத்தாயிற்று, பாரிக்கு கோஸ்டா இரண்டு தடவை. இந்தப் பதவி அதற்கில்லை. ஊர் ஊராகப் போய், மேடையிலும் நூலகத்திலும் வகுப்பறையிலும் நின்று, பெரும்பாலும் அடுத்தவர் எழுதியதைப் பற்றிப் பேச வேண்டும். அடுத்தவர் எழுதியதை! நம் ஆட்களில் எத்தனை பேர் அதை அரை மணி நேரம் செய்வார்கள் என்று சனிக்கிழமை கூட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம், ஆனால் சொல்லவில்லை.

ஜாய்ஸ் ஜாய்ஸ் என்கிறீர்களே, அந்த நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு அவருடைய ஊர் டப்ளின் என்ன செய்தது? 'டப்ளினர்ஸ்' தொகுப்பை 1912இல் டப்ளினில் அச்சடித்தவர், வெளிவருவதற்கு முன்பே அச்சான தாள்களை அழித்தார். அதற்கப்புறம் மனிதர் அயர்லாந்துப் பக்கமே திரும்பவில்லை. 'யுலிஸிஸ்' 1922இல் வந்தது பாரிஸில். இப்போது அவர் பேரில் டப்ளினில் பாலம் இருக்கிறது, சிலை இருக்கிறது, 'யுலிஸிஸ்' கதை நடக்கிற நாளான ஜூன் 16 வந்தால் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு ஊரே திரிகிறது. செத்தவனைக் கொண்டாடுவது சுலபம்.

ஜாய்ஸ் ஒருவர் மட்டும் இல்லை. 1929இல் புத்தகத் தணிக்கைக்கென்றே சட்டம் போட்ட நாடு இது. எட்னா ஓ'பிரையனின் 'தி கன்ட்ரி கேர்ள்ஸ்' 1960இல் தடை. ஜான் மெக்கஹர்னின் 'தி டார்க்' 1965இல் தடை, அதோடு அவருடைய பள்ளிக்கூட வாத்தியார் வேலையும் போயிற்று. யோசித்துப் பாருங்கள், கதை எழுதினதற்காக வேலையைப் பறித்த அதே நாடு ஐம்பது வருடம் கழித்து, கதை எழுதுகிறவரைக் கூப்பிட்டு "வாங்க, சம்பளம் தருகிறோம், நாட்டைச் சுற்றி வந்து கதையைப் பற்றிப் பேசுங்க" என்கிறது. இதில் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

"இவ்வளவு பேசறீங்களே, அப்படி என்னதான் கிழிச்சாங்க?" என்று நண்பர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

என்ரைட் பதவிக்கு வந்த முதல் வருடமே, 2015இல், எடுத்துக்கொண்ட விஷயம் டுவாம். கால்வே கவுண்டியில் கல்யாணமாகாத தாய்மார்களை அடைத்துவைத்த இல்லம், 1925இலிருந்து 1961 வரை கன்னியாஸ்திரீகள் நடத்தியது. அங்கே செத்துப்போன 796 குழந்தைகளின் இறப்புப் பதிவுகளை கேத்தரின் கோர்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். அடக்கம் செய்த விவரம் இல்லை. என்ரைட் அதையும், அண்ணனுக்கு அடக்கம் மறுக்கப்பட்ட ஆன்டிகனியின் கிரேக்கக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு உரை செய்தார். தன் நாவலை விற்க இல்லை. அப்புறம் இன்னொன்று, ஐரிஷ் பத்திரிகைகளில் யாருடைய புத்தகத்துக்கு யார் மதிப்புரை எழுதுகிறார்கள் என்று ஆண் பெண் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆண்கள் எழுதிய புத்தகத்தை பெரும்பாலும் ஆண்களே மதிப்பிடுகிறார்கள் என்று கணக்கில் வந்தது. எத்தனை ஆசிரியர்களுக்கு அது இனித்திருக்கும் என்கிறீர்கள்? அரசாங்கப் பணத்தில் பதவியில் இருந்துகொண்டு இதைச் செய்தார். உட்கார்ந்திருக்கவில்லை.

பாரியின் காலத்தில் பாதியைக் கொரோனா தின்றுவிட்டது. டோபீன் வந்ததும் பொது நூலகங்களோடு சேர்ந்து மாதம் ஒரு ஐரிஷ் எழுத்தாளரின் புத்தகம் என்று வாசிப்பு வட்டம் நடத்தினார், எழுதியவரையே கூப்பிட்டு வைத்துப் பேசினார். அதைப் பார்த்துத்தான் இங்கே டப்ளின் பக்கம் எங்கள் பகுதி நூலகத்திலும் ஒரு வட்டம் ஆரம்பித்தது. நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்து, முடியைக்கூடச் சரியாக வாராமல் நான் போய் உட்கார்ந்த இடம் அது. நான் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர்கள், பாதிப் பேர் ரிட்டையர் ஆனவர்கள், பிளாஸ்க்கில் டீ, ஒரு பிஸ்கட் டப்பா. முதல் மாதம் வாயே திறக்கவில்லை.

மெக்கஹர்னின் 'அமங் விமன்' எடுத்த அன்றைக்கு என் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிரைவர். புத்தகத்தை முழுசாகப் படிக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அதில் வருகிற வைக்கோல் வேலையைப் பற்றி மட்டும் அப்படிப் பேசினார். மழைக்கு முன்னால் உள்ளே சேர்க்கவில்லை என்றால் அப்பா முகம் எப்படி இருக்கும், சாப்பாட்டு மேசையில் யார் முதலில் மூச்சு விடுவது என்று எப்படிக் காத்திருப்போம் என்றெல்லாம். அந்த நாவலில் மொரன் என்று ஒரு அப்பா, பழைய சுதந்திரப் போராட்டக்காரர். தினமும் சாயங்காலம் குடும்பத்தையே முட்டி போட வைத்து ஜெபமாலை சொல்ல வைப்பார். வீட்டுக்குள் அவர் காலடிச் சத்தத்தை வைத்தே பிள்ளைகள் அன்றைய வானிலையைத் தெரிந்துகொள்ளும். நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். "இவரை எனக்குத் தெரியும், எங்க அம்பாசமுத்திரத்துல சைக்கிள்ல வருவார், ஸ்டாண்டு போடற சத்தம் கேட்டா நாங்க புத்தகத்த எடுத்துக்குவோம்" என்று சொன்னேன். அந்த டிரைவர் பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளி வைத்தார். அன்றிலிருந்து எனக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது.

"இதுக்கு லாரியேட் எதுக்கு, நூலகமே செய்யலாமே" என்பீர்கள். செய்யலாம். யாராவது ஆரம்பித்து வைக்க வேண்டாமா? அவ்வளவு பெரிய எழுத்தாளர் அடுத்தவர் புத்தகத்துக்காக ஒரு சாயங்காலத்தைக் கொடுக்கிறார் என்றால்தான் உள்ளூர் கவுன்சிலும் நாற்காலி போடுகிறது, எங்களை மாதிரி ஆட்களும் தைரியமாக உள்ளே வருகிறோம்.

சரி, வரிப்பணம். கூட்டத்தில் எல்லோருக்கும் இதில்தான் வயிறு எரிந்தது. டப்ளினில் நாடாளுமன்ற வளாகத்தில் சைக்கிள் நிறுத்த ஒரு கொட்டகை போட்டார்களே, 2024இல் நாறியதே, ஞாபகம் இருக்கிறதா? சுமார் 3,36,000 யூரோ. சாய்ந்து அடிக்கிற மழைக்கு அதில் நின்றால் நனைவீர்கள், அயர்லாந்தில் நேராக எப்போது மழை பெய்திருக்கிறது? அந்தக் கொட்டகையைப் பற்றி நம் குழுவில் ஒரு மீம் வந்ததோடு சரி. ஒரு எழுத்தாளருக்கு மூன்று வருடம் சம்பளம் என்றதும் எல்லோருக்கும் ஆடிட்டர் புத்தி வந்துவிட்டது. இந்த நாட்டில் 1969இலிருந்தே எழுத்தாளருடைய படைப்பு வருமானத்துக்கு வரிச் சலுகை இருக்கிறது. 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ என்று அடிப்படை வருமானம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். குழந்தை இலக்கியத்துக்கு 2010இலிருந்தே தனி லாரியேட் உண்டு, கவிதைக்கு 1998இலிருந்து ஒரு பேராசிரியர் பதவி உண்டு. இந்த ஊர் இப்படித்தான் செலவு செய்கிறது. அந்த வரியில் என் ஷிஃப்ட் அலவன்ஸும் இருக்கிறது, எனக்கு வலிக்கவில்லை, உங்களுக்கு ஏன் வலிக்கிறது? அண்ணன் இருப்பது நியூ ஜெர்சியில்.

"ஏற்கெனவே பேர் வாங்கினவங்களுக்கே மறுபடி கொடுக்கறாங்க" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். இருக்கலாம் தம்பி. அதில் நியாயம் உண்டு. ஆனால் அதே மூச்சில் "பேரே கேள்விப்படாத அம்மா" என்பதற்கும் லைக் போட்டிருக்கிறாயே, இரண்டில் எது உன் கட்சி?

அந்த அம்மா யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். நீ கிவ்னே நாட்டார் வழக்காற்றியல் படித்தவர், தேசிய நூலகத்தில் வேலை பார்த்தவர், ஐரிஷ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதுகிறவர். ஐரிஷ் மொழியில் துப்பறியும் நாவல் எழுதியிருக்கிறார். அவருடைய 'தி டான்சர்ஸ் டான்ஸிங்' நாவல் 2000இல், பெண் எழுத்தாளர்களுக்கான ஆரஞ்சு பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. 1972 கோடையில் ஐரிஷ் படிக்க, அந்த மொழி பேசுகிற டோனகல் பகுதிக்கு அனுப்பப்பட்ட பெண் பிள்ளைகளின் கதை. இந்த நாட்டில் 1937க்கும் 1939க்கும் நடுவில் சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளின் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்ட கதைகளை நோட்டில் எழுதிக் கொடுத்தார்கள், அது இன்னும் பத்திரமாக இருக்கிறது, இணையத்தில் அந்தக் குழந்தைக் கையெழுத்தையே பார்க்கலாம். அந்த மரபைப் படித்து வந்த ஒருவர் புனைவுக்காகப் பேசுவது எவ்வளவு பொருத்தம் என்பதைத்தான் அந்தப் பத்து நிமிடத்தில் சொல்ல வந்தேன். எட்டாவது நிமிடத்தில் யாரோ "நேரம்" என்று சாட்டில் போட்டார்கள்.

கடைசியாக அந்த "உங்களுக்கு எதுக்கு அவங்க இலக்கியம், நம்ம இலக்கியத்த பாருங்க" கமெண்ட். நான் தினமும் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ராத்திரி போர்வை இழுத்துவிடுகிற பாட்டிகள் இந்த நாட்டுப் பாட்டிகள். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் ஆஞ்சலஸ் என்கிற கத்தோலிக்க ஜெப மணி அடித்தால் ஒரு பாட்டி சிலுவை போட்டுக்கொள்வாள், பக்கத்துக் கட்டில் பாட்டி ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றச் சொல்லிக் கத்துவாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. என்ரைட்டின் அந்த உரையைப் படித்த பிறகு நான் கேட்காமலேயே மாற்றிவிடுகிறேன். இது எனக்கு "அவங்க இலக்கியம்" இல்லை. நைஜீரியாவில் பிறந்து, புகலிடம் கேட்டு வந்தவர்களை வைக்கிற விடுதிகளில் வருடக்கணக்கில் இருந்த மெலாட்டு உச்சே ஒகோரி, அந்த வாழ்க்கையை 2018இல் 'திஸ் ஹாஸ்டல் லைஃப்' என்று கதைகளாக எழுதினார், அதுவும் ஐரிஷ் புனைவுதான். என்றைக்காவது ஒரு நாள் அவரை மாதிரி ஒருவர் லாரியேட் ஆவார். அன்றைக்கும் நீங்கள் "பேரே கேள்விப்பட்டதில்லை" என்றுதான் சொல்வீர்கள், தெரியும்.

எங்கள் வட்டத்தில் அடுத்த மாதம் 'தி டான்சர்ஸ் டான்ஸிங்' எடுக்கிறோம். டப்ளின் பக்கம் இருப்பவர்கள் வரலாம், நூலகத்தில் இரவல் இலவசம், 2019இலிருந்து தாமதமானால் அபராதமும் கிடையாது. கமெண்ட்டில் சண்டை போடுகிறவர்கள் போடுங்கள், ஆனால் "ஜாய்ஸ்" என்று ஆரம்பிக்கிற எதற்கும் பதில் சொல்ல மாட்டேன். 'யுலிஸிஸ்' முழுசாகப் படித்து முடித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அண்ணனுக்கும்தான்.