பானைக்கும் ஒரு வரைபடம் வேண்டும்

"மின்சாரமே இல்லாத ஃபிரிட்ஜ்" வீடியோ மறுபடியும் சுற்றில் வந்திருக்கிறது. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. கீழே "இதையெல்லாம் நம்மிடமிருந்து மறைத்துவிட்டார்கள்" என்று வரிசையாக கமெண்ட். யாரும் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பானை நிஜமாகவே வேலை செய்யும். எங்கே வேலை செய்யும் என்பதைத்தான் வீடியோ சொல்வதில்லை. என் பிராது அதன் மேல்தான்.

அதற்கு முன் கொஞ்சம் வரைபடத்துக்குள் போய் வரலாம்.

மெர்க்கேட்டர் 1569இல் வரைந்த உலகம் கடலோடிகளுக்கானது. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் பாதை தாளில் நேர்கோடாக விழும். அந்த வசதிக்காகப் பரப்பளவைக் காவு கொடுத்தார்கள். 60 டிகிரி அட்சரேகையில் உள்ள நிலம் நான்கு மடங்கு பெருத்துத் தெரியும். கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவு போலத் தெரிவதும், நிஜத்தில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரிது என்பதும் இன்று பலரும் அறிந்த கதை. விடுங்கள்.

பரப்பளவைத் திருத்தி வரைந்தாலும் தீராத சிக்கல் இன்னொன்று இருக்கிறது. ஜாவா தீவை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவின் பரப்பில் நூறில் ஒரு பங்குகூட அது வராது. ஆனால் 2020 கணக்கெடுப்பில் ஜாவாவின் மக்கள்தொகை 15 கோடியைத் தாண்டிவிட்டது. ரஷ்யா மொத்தமும் சேர்த்தே அந்த அளவு இல்லை. எவ்வளவு நேர்மையாக வரைந்தாலும் நிலத்தை வரையும் படம் நிலத்தைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது.

2013இல் கென் மையர்ஸ் என்பவர் தென்சீனக் கடல் பக்கம் மையம் வைத்து ஒரு வட்டம் போட்டார். உலக மக்களில் பாதிக்கு மேல் இந்த வட்டத்துக்குள்தான் என்றார். இணையமே அமளிப்பட்டது. தட்டையான தாளில் போட்ட வட்டம் உருண்டைப் பூமியில் வட்டமாக இருக்காதே என்று சிலர் பிடித்துக்கொண்டார்கள், நியாயம்தான். பொருளாதார அறிஞர் டேனி குவா 2015இல் உருண்டையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். வட்டம் இன்னும் சுருங்கியது! மியான்மரின் மோங் கெட் என்ற இடத்தை மையமாக வைத்து 3,300 கிலோமீட்டர் ஆரம் போதும் என்று வந்தது. இத்தனைக்கும் அந்த வட்டத்துக்குள் இமயமலை, திபெத் பீடபூமி, கோபி பாலைவனம், ஏராளமான கடல் எல்லாம் அடக்கம். எல்லாம் போக மிஞ்சிய நிலத்தில்தான் மனிதகுலத்தில் பாதி.

சரி, இரவில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் ஆள் எங்கே என்று தெரியுமே என்பார்கள். நைல் நதிக்கரை வரை சரிதான், பாலைவனத்துக்கு நடுவே ஒளிக்கொடி போல ஓடும். ஆனால் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பெரிய நகரம் போல ஒரு ஒளித்திட்டு தெரியும். அங்கே நகரம் ஏதும் இல்லை, எண்ணெய் வயல்களில் வீணாக எரிக்கும் வாயு அது. அர்ஜென்டினாவுக்குக் கிழக்கே நடுக்கடலில் ஜெகஜோதியாக இருக்கும். அது கணவாய் பிடிக்கும் படகுகளின் விளக்கு. காங்கோ ஜனநாயகக் குடியரசிலோ சுமார் 10 கோடிப் பேர் இருக்கிறார்கள், படத்தில் பெரும்பகுதி கும்மிருட்டு. ஆற்றல் எங்கே செலவாகிறது என்பதற்கு அந்தப் படம் நல்ல சாட்சி. ஆளுக்கு அது சாட்சி ஆகாது.

அந்த இருட்டில் இருப்பவர்களுக்கு என்று சொல்லித்தான் பானை வீடியோவும், கூரை ஓட்டையில் தண்ணீர் பாட்டிலைச் செருகி வெயிலை அறைக்குள் பரப்பும் பாட்டில் விளக்கு வீடியோவும் வருகின்றன. பானைக்கு வருகிறேன்.

நைஜீரியாவில் முகமது பா அபா என்ற ஆசிரியர் 1990களில் இந்தப் பானையை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார். மூன்று நாளில் வாடும் கத்திரிக்காய் 27 நாள் தாங்கியது என்று அவருடைய சோதனைகள் காட்டின. சூட்சுமம் தண்ணீரில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் அது ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த வெப்பத்தை மணலிலிருந்தும் பானையிலிருந்தும் உறிஞ்சிக்கொண்டு நீர் பறந்துபோகிறது, உள்ளே குளிர்கிறது. ஆனால் நீர் பறக்கக் காற்று வறண்டிருக்க வேண்டும். வெயில் 40 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் பானை 23 டிகிரி பக்கம் வரை இறங்கலாம். வெயில் 32தான், ஆனால் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் 30ஐத் தொடுவதே பெரும்பாடு. பானையும் மணலும் அதேதான். இடம்தான் வேறு.

இப்போது அந்த வட்டத்தை இதன் மேல் வைத்துப் பாருங்கள். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் பருவமழை நிலங்களில் வாழ்கிறார்கள். ஆண்டில் பல மாதம் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். வறண்ட உள்நாட்டையும் மழைக்கு முந்தைய கோடையையும் விட்டால் அங்கே பானை வெறும் பானை.

தண்ணீர் இறைப்பதிலும் இதே கதை. 1796இல் மோங்கோல்ஃபியே (பலூன் விட்ட சகோதரர்களில் ஒருவர்தான்) தானாக ஓடும் நீர்த்தாக்கு பம்பைச் செய்தார். சரிவில் ஓடிவரும் நீரை ஒரு வால்வு சட்டென்று அடைக்கும். போக வழியில்லாமல் அழுத்தம் எகிறும். அந்த அழுத்தம் இன்னொரு வால்வைத் திறந்து கொஞ்சம் நீரை மேலே தள்ளும். அழுத்தம் தணிந்ததும் முதல் வால்வு திறக்கும், மறுபடி டக், டக். எரிபொருளே கிடையாது. வந்த நீரில் பெரும்பகுதி வெளியே வழிந்துவிடும், சிறு பங்குதான் மேலே ஏறும். மலைச்சரிவில் இது அருமையான கருவி. சமவெளியில் வெறும் இரும்பு.

வங்கதேசத்து டெல்டாவில் நேர் எதிர். சரிவே இல்லை, ஆனால் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. அங்கே காலால் மிதிக்கும் பம்ப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. உறிஞ்சும் பம்ப் நடைமுறையில் ஏழு மீட்டருக்குக் கீழே போனால் தடுமாறும். அங்கே பல இடங்களில் அவ்வளவு ஆழம் தேவைப்படவில்லை. ஜன நெருக்கடியால் வயல்களும் துண்டு துண்டாக இருந்தன, எஞ்சின் பம்ப் வாங்கினால் கட்டுப்படியாகாது. மிதிபம்ப் ஓடியதற்கு ஜனநெருக்கமும் ஒரு காரணம்.

மின்சாரத்தின் சௌகரியமே இடத்தைப் பற்றி அது கவலைப்படாததுதான். ஃபிரிட்ஜை எங்கே வைத்தாலும் ஓடும். குறைந்த ஆற்றலில் ஓடும் கருவி காற்றின் வறட்சியையோ, சரிவையோ, வெயிலையோ நம்பி நிற்கிறது. கைவிசையில் ஓடுவது மட்டும் விதிவிலக்கு. 2017இல் மனு பிரகாஷின் ஸ்டான்ஃபோர்ட் குழு நூலில் சுழலும் காகித வட்டைக் கொண்டு ரத்தத்தைப் பிரிக்கும் கருவி செய்தது. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று, செலவு 20 சென்ட். அதற்கு எந்த வரைபடமும் தேவையில்லை.

இடம் சொல்லாத வீடியோவில் எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. "அவர்களுக்கு இது போதும்" என்கிற தொனி. உலகில் சுமார் 200 கோடிப் பேர் இன்னும் விறகு, சாணம், கரி போன்றவற்றில்தான் சமைக்கிறார்கள். அந்தப் புகையை எந்த அழகியலாலும் நியாயப்படுத்த முடியாது. பாட்டில் விளக்கும் பகலில்தான் எரியும், சூரியன் போனால் அதுவும் போய்விடும். இருட்டில் இருப்பவர்களுக்கு மின்கம்பி வேண்டும், அதில் பேச்சே இல்லை.

அந்த வட்டத்துக்குப் பொருந்தும் குறைந்த ஆற்றல் கருவி எது என்று கேட்டால் என் ஓட்டு மின்விசிறிக்கு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி (பிரஷ் இல்லாத, மின்சாரம் மிச்சம் பிடிக்கும்) மோட்டார் வைத்தது 30 வாட் பக்கம், ஏசி ஆயிரத்துக்கு மேல். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, தோலில் இருக்கும் வியர்வையை ஆவியாக்குகிறது. புழுக்கமான நிலத்தில் அதுவே பெரிய உதவி. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. காற்றும் வறண்டிருந்தால் பானை நன்றாக வேலை செய்வது சரியாக அந்த வெயிலில்தான்.