ஒட்டகத்தில் ஏறும் முன்பே இறங்குவதைப் பேசிவிடுங்கள்

எகிப்து போய் வருபவர்கள் போடும் பதிவுகளில் ஒரு பெருமை தவறாமல் இருக்கும். கிஸா பிரமிடு பக்கத்தில் ஒட்டகக்காரன் வாய்க்கு வந்த விலை சொன்னான், நான் அடித்துப் பேசிக் கால்வாசிக்கு முடித்தேன் பார் என்று. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். கால்வாசிக்கு ஒருவர் சட்டென்று தலையாட்டுகிறார் என்றால் மீதி முக்காலை எங்கே வசூலிப்பது என்று அவருக்குத் தெரியும். அங்கே அதிகம் ஏமாறுவது பேரம் பேசி ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பில் மேலே ஏறியவர்கள்தான்.

திமில் தரையிலிருந்து கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம், அதன் மேல் சேணம், சேணத்தின் மேல் நீங்கள். ஒட்டகம் மண்டி போட்டால்தான் இறங்க முடியும், கயிறு அவர் கையில். மொத்த சூட்சுமமும் இவ்வளவுதான். ஏற்றிவிட இவ்வளவு, இறக்கிவிடத் தனி என்று முகத்துக்கு நேராகக் கேட்பவர்களும் உண்டு என்றாலும், விவரமானவர்கள் அப்படிச் செய்வதில்லை. நன்றாகச் சிரித்துப் பேசி, எந்த நாடு என்று கேட்டு, உங்கள் ஊர் நடிகர் ஒருவர் பெயரையும் சொல்லி, படம் எடுத்துத் தருகிறேன் என்று போனை வாங்குவார்கள். படமும் பிரமாதமாக எடுப்பார்கள், பிரமிடின் உச்சியை நீங்கள் இரண்டு விரலால் பிடித்திருப்பது மாதிரி, ஒட்டகத்துக்கு முத்தம் கொடுப்பது மாதிரி எல்லாம். அப்புறம்தான் ஒட்டகத்துக்குத் தீனி, கூட நடந்து வந்த பையனுக்கு, படம் எடுத்ததற்கு என்று ஒவ்வொன்றாக வரும். அந்த நேரத்தில் போன் அவர் கையில், நீங்கள் மாடி உயரத்தில். யார் சொன்ன விலை நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?

அதனால் பேச வேண்டியது விலையை மட்டும் இல்லை. ஒட்டகத்துக்கா ஆளுக்கா, எத்தனை நிமிடம், எங்கிருந்து எதுவரை போய் எங்கே இறக்கிவிடுவது, டிப்ஸ் அதற்குள்ளேயே அடக்கமா, இதையெல்லாம் தரையில் நின்று பேசி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் காலைத் தூக்க வேண்டும். எகிப்து பவுண்டு என்று முழுசாகச் சொல்லுங்கள். வெறும் பவுண்டு என்று பேசிவிட்டு, இறங்கியதும் நான் சொன்னது இங்கிலாந்து பவுண்டு என்று கூசாமல் சொல்லும் ஆட்கள் உண்டு. பணம் இறங்கிய பிறகுதான், அதுவும் சரியான சில்லறையாக. 50 பவுண்டு நோட்டை நீட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது 50 பியாஸ்டர் நோட்டாக மாறி, பாருங்கள் தவறாகக் கொடுத்துவிட்டீர்கள் என்று உங்களிடமே திரும்பி வரும். 100 பியாஸ்டர் சேர்ந்தால்தான் 1 பவுண்டு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது அன்பளிப்பு என்று துண்டை எடுத்துத் தலையில் கட்ட வந்தால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.

இன்ன விலைதான் நியாயம் என்று நான் எழுதப் போவதில்லை. 2024 மார்ச்சில் ஒரே நாளில் டாலருக்கு 31 பவுண்டு அளவில் இருந்தது 50 பக்கம் போய்விட்ட நாடு அது, பழைய பதிவில் பார்த்த தொகையை வைத்துக்கொண்டு சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. பிரமிடு வளாகத்துக்கு உள்ளே போனதும் இரண்டு மூன்று பேரிடம் கேட்டாலே நடப்பு விலை பிடிபட்டுவிடும்.

உள்ளே போனதும் என்று அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் ஏமாற்று வேலை வெளியிலேயே தொடங்கிவிடும். ஓடும் டாக்ஸியை நிறுத்தி முன் சீட்டில் ஏறிக்கொள்வார்கள், கேட் மூடிவிட்டார்கள், இந்த வழியாக ஒட்டகத்தில்தான் போக முடியும் என்பார்கள். நம்பிப் போனால் பிரமிடை ஒட்டிய நஸ்லத் அல் சம்மான் பகுதியில் ஏதாவது ஒரு லாயத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஃபயூம் சாலைப் பக்க வாசல் வழியாக விட்டு, உள்ளே மின்சாரப் பேருந்து ஓட்டி, ஒட்டகம் குதிரைகளைத் தனி இடத்துக்கு ஒதுக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஒட்டகம் ஏறாமலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஒட்டகக்காரர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2011 புரட்சிக்குப் பிறகு ஒரு தடவை, கொரோனாவில் இன்னொரு தடவை என்று சுற்றுலா படுத்தபோது அடிவாங்கியவர்கள் அவர்கள்தான். கயிற்றைப் பிடித்து நடக்கும் பையன் பல நேரம் ஒட்டகத்தின் சொந்தக்காரனும் இல்லை. அவனுக்குத் தனியாக ஏதாவது கொடுங்கள், நானும் கொடுப்பேன். ஆனால் நானாகக் கொடுப்பது வேறு, உட்கார வைத்துப் பிடுங்குவது வேறு, இதில் எனக்குக் குழப்பமே கிடையாது.

விலை படிந்தாலும் ஒட்டகத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு ஏறுங்கள். மூக்கு, வாய் ஓரத்தில் கயிறு அறுத்த புண், சேணத்துக்கடியில் தேய்ந்து சிவந்த தோல், தொங்கிப்போன திமில், எழுப்பவே நாலு அடி அடிக்க வேண்டிய நிலை. இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு ஒட்டகம் பாருங்கள். பேசி முடித்தாயிற்றே என்ற கூச்சமெல்லாம் வேண்டாம்.

எழும்போது முதலில் பின்னங்காலைத்தான் நிமிர்த்தும், நீங்கள் முன்னால் தூக்கி எறியப்படுவது போல இருக்கும். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடங்கும், அப்போதும் முன்பக்கமே சாய்வீர்கள். இரண்டு தடவையும் சேணத்துக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு ரீல்ஸ் எடுக்க அது நேரமில்லை. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்தே எடுத்து வைக்கும் மிருகம் என்பதால் நடையிலும் ஒரு ஆட்டம் இருக்கும், பழகிவிடும். முழு பேண்ட் போட்டுக்கொண்டு போங்கள், இல்லையென்றால் தொடை பேசும்.

இவ்வளவுக்கும் பிறகு இறக்கிவிட மறுத்தால் கத்த வேண்டாம், பயப்படவும் வேண்டாம். சுற்றுலாப் போலீஸ் எண் 126. அங்கேயே சுற்றிக்கொண்டும் இருப்பார்கள், அவர்களிலும் சிலர் ஒட்டகத்தின் மேல்தான்.