ஆயில் சம்புக்கு ஒரு வால்வு

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் காருக்கு ஆயில் மாற்றிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் கார் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம். குனிந்து டார்ச் அடித்தேன். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டுதான் சம்ப். ஆயிலை வெளியே விட அதில் இருக்கும் போல்ட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஸ்பேனரை மாட்டி இறுக்கினால் போல்ட் பிடிக்கவே இல்லை, சும்மா சுற்றியது. மரை போய்விட்டது.

ஏர் கன்னை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். இப்போது வரும் கார்கள் பலவற்றில் சம்ப் அலுமினியம், போல்ட் இரும்பு. இரும்பு ஜெயிக்கும், அலுமினியம் தோற்கும். சின்ன கார்கள் பலவற்றில் இந்த போல்ட்டுக்குச் சொல்லப்பட்டிருக்கும் இறுக்கம் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான். ஏர் கன்னுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கடைசியில் ஓட்டையைப் பெரிதாக்கிக் கம்பிச்சுருள் மரை வைத்துச் சரிசெய்தோம். இல்லையென்றால் புதுச் சம்ப் வாங்க வேண்டியிருக்கும்.

அந்த வாரமே முடிவெடுத்தேன், இனி ஆயிலை நானே மாற்றுவது என்று. கூடவே சம்ப் போல்ட்டுக்குப் பதில் ஒரு டிரெய்ன் வால்வு போட்டேன். என் வண்டியின் போல்ட் 14 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.5 மி.மீ. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் 12 மி.மீ., 1.25. இதை அளந்து பார்க்காமல் வாங்கவே கூடாது. ஏறக்குறைய பொருந்துகிறது என்று திருகினால் மிச்சமிருக்கும் மரையும் போகும்.

ஜப்பானில் ஃபுமோட்டோ என்ற நிறுவனம் செய்யும் வால்வு பித்தளை உடம்பு. உள்ளே துளை போட்ட ஒரு உருண்டை, வெளியே ஒரு சின்னக் கைப்பிடி. கைப்பிடியைப் பள்ளத்திலிருந்து தூக்கிக் கால் சுற்றுத் திருப்பினால் ஆயில் வரும், திருப்பி வைத்தால் நிற்கும். ஜெர்மனியின் ஸ்டால்பஸ் வேறு விதம். மூடியைக் கழற்றிவிட்டுக் குழாய் முனையைத் திருகினால்தான் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் திறந்து கொடுக்கும். எதுவானாலும் ஒருமுறை அளவாக இறுக்கி மாட்டினால் போதும், அப்புறம் சம்பின் மரையைத் தொடவே வேண்டாம். எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஒவ்வொரு முறையும் புது வாஷர் தேடவும் வேண்டாம். கொதிக்கும் ஆயில் முழங்கை வரை வழியாது.

என் கூட்டாளி ஒருவன் முதல் நாளே எதிர்த்தான். "மக்கா, ரோட்டுல கல்லு தட்டி அது திறந்துச்சுன்னா எஞ்சின் சீஸாயிரும்டே" என்றான். நியாயமான பயம். நம் குமரி மாவட்டத்து ஊடுவழிகளில் ஸ்பீடு பிரேக்கர் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ரப்பர் தோட்டத்துப் பாதையில் நடுமேடு சம்பை உரசுகிற இடங்களும் உண்டு. என் வண்டியில் போல்ட் பின்பக்கம் பார்த்து இருக்கிறது, வால்வு சம்பின் மறைவில் நிற்கிறது. கைப்பிடி தானாக நகராமல் இருக்க ஒரு கிளிப்பும் மாட்டியிருக்கிறேன். போல்ட் நேராகக் கீழே பார்க்கும் வண்டியாக இருந்து, தரையிலிருந்து உயரமும் குறைவென்றால், வால்வு வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாரன்டி முடியாத வண்டிக்கும் வேண்டாம்.

இழப்பும் இருக்கிறது. வால்வின் துளை சிறியது, ஆயில் மெதுவாகத்தான் இறங்கும். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்த பிறகு வால்வைத் திறந்துவிட்டு, ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வரலாம். அடியில் கொஞ்சம் பழைய ஆயிலும் தங்கும். காந்தம் வைத்த போல்ட் என்றால் அதில் ஒட்டிய இரும்புத் தூளைப் பார்த்து எஞ்சின் உடம்பு எப்படி என்று ஊகிக்கலாம், வால்வு போட்டால் அந்த வசதி போய்விடும். பில்டரை எப்படியும் கையால்தான் கழற்ற வேண்டும். இதற்காக அடியில் போகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மாவட்டத்தின் மேற்குப் பக்கம் பாதி வீடுகளுக்குக் கார் நிற்கும் இடமே சரிவுதான். ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்த பிறகு படுங்கள்.

ஆனாலும் நான் வால்வின் பக்கம்தான். காரணம் மரை மட்டுமல்ல. வால்வின் முனையில் ஒரு குழாயைச் செருகினால் மூன்று லிட்டருக்கு மேல் வரும் பழைய ஆயில் முழுவதும் நேராகக் கேனுக்குள் போகிறது, மண்ணில் ஒரு சொட்டு விழுவதில்லை. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவத்திலும் மழை, ஐப்பசியிலும் மழை. முற்றத்தில் கொட்டிய கரி ஆயில், அதாவது எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயில், முதல் மழையிலேயே ஓடைக்குப் போகும், ஓடை குளத்துக்கு, குளம் ஆற்றுக்கு. வேளிமலையில் பிறந்து கடியபட்டணத்தில் கடலில் சேர்கிறதே வள்ளியாறு, அதன் வழியில் குளிக்கிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் நம் ஆட்கள்தான்.

சிதல் (கரையான்) பிடிக்காமல் இருக்க வேலிக் கம்புக்கும் பந்தல் காலுக்கும் கரி ஆயில் பூசுவது நம் ஊர்ப் பழக்கம். என் அப்பாவும் பூசியிருக்கிறார். எஞ்சினில் ஓடிய ஆயிலில் உலோகத் தூளும் கரியும் கலந்திருக்கும், மழையில் அது கம்பிலேயே நிற்காது. பழைய ஆயிலை அபாயக் கழிவு என்று மத்திய அரசின் 2016 கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. அதைத் திரும்பச் சேகரித்துச் சுத்திகரிக்கும் பொறுப்பில் ஆயில் தயாரிப்பவர்களுக்கும் பங்குண்டு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் வீட்டில் மாற்றுகிறவன் மூன்று லிட்டரைக் கொண்டுபோய் எங்கே கொடுப்பது? பீப்பாய் வைத்துச் சேர்த்து, உரிமம் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்காரர்கள், தயவுசெய்து எங்கள் கேனையும் வாங்கிக்கொள்ளுங்கள். காசு எதுவும் வேண்டாம்.

நான் கொடுக்கும் இடத்து அண்ணன் முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்போது கேனைக் கண்டதும் அவரே பீப்பாயின் மூடியைத் திறந்து வைக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது வால்வு போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். ஸ்டாண்டும் குழாயும் என்னிடம் இருக்கின்றன. ஒரு காலி ஐந்து லிட்டர் கேன் மட்டும் கொண்டு வாருங்கள்.