பச்ச நம்பர் பிளேட் கணக்கு

பச்ச நம்பர் பிளேட் போட்ட எலக்ட்ரிக் கார்ல ஒத்த ஆளா வந்து எறங்கி, பழைய பைக்ல வர்றவன பாத்து "நம்ம வண்டி ஜீரோ எமிஷன் ப்ரோ"ன்னு சொல்றவங்க இப்ப நெறைய ஆயிட்டாங்க, அவங்களுக்காகத்தான் இந்த கணக்கு.

1 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், டீசல்னா 2.7 கிட்ட. (முக்கா கிலோ பெட்ரோல்ல இருந்து எப்டி இவ்ளோன்னு கேக்காதீங்க, காத்துல இருக்க ஆக்சிஜன் சேருதுல்ல.) லிட்டருக்கு 15 ஓடுற கார் கிலோமீட்டருக்கு 150 கிராம் சொச்சம் விடுது, 50 ஓடுற பைக் 46. எலக்ட்ரிக் கார் கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் இழுக்குதுன்னு வைங்க, நம்ம நாட்டுல பெரும்பாலும் நிலக்கரி கரண்ட்தான், யூனிட்டுக்கு 0.7 கிலோ போட்டா 105 கிராம். பெட்ரோல் கார விட தேவல, மறுக்கல, சிக்னல்ல பின்னாடி நிக்கிறவன் மூக்குக்கும் நல்லது. ஆனா நீங்க கேலி பண்ண பைக்க விட ரெண்டு மடங்கு சார்! உங்க பொக வேளச்சேரில வராம எண்ணூர், வல்லூர் பக்கம் அனல்மின் நிலையத்துல வருது, அவ்ளோதான், அந்த சாம்பல் கொசஸ்தலை ஆத்துல கலந்து அங்க மீன் புடிக்கிறவங்க பொழப்புல விழுது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வச்சிருக்கவங்க தாராளமா பெருமப்படலாம், 20 கிராம் சொச்சம்தான்.

இப்ப நம்ம சென்னை 21ஜி டவுன் பஸ்ஸுக்கு வாங்க. லிட்டருக்கு 4 கிலோமீட்டர்னா கிலோமீட்டருக்கு 670 கிராம், கேட்டா பயமாதான் இருக்கும், 60 பேர் ஏறுனா ஆளுக்கு 11. அதே பஸ்ல மத்தியானம் அஞ்சே பேர் இருந்தா ஆளுக்கு 134, கிட்டத்தட்ட கார்தான். அதனால வண்டி எதுங்குறத விட உள்ள எத்தன பேருங்குறதுதான் மேட்டர்.

ஆனா இத வச்சு "பஸ் நெரிசலா இருந்தாதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது"ன்னு எவனாச்சும் ஆரம்பிச்சா கடுப்பாவும். ஃபுட்போர்டுல ஒத்த கால்ல தொங்கி, பேக்க உள்ள நிக்கிறவர்கிட்ட குடுத்து, முன்னாடி ஏறுன பொண்ணுங்க மூச்சு விட முடியாம நின்னு வர்ற அந்த 11 கிராம் எவ்ளோ நாள் தாங்கும்? கையில கொஞ்சம் காசு வந்ததும் மொத வேலையா பைக்குக்கு டவுன் பேமென்ட் கட்டிருவான், கட்டாம என்ன பண்ணுவான். பஸ்ஸ ரெண்டு மடங்கா விட்டு, பஸ்ஸுக்கு 30 பேர் எல்லாருக்கும் சீட்டு கெடச்சு ஒக்காந்து போனாலும் ஆளுக்கு 22 கிராம்தாங்க, அப்பவும் பைக்ல பாதி கூட இல்ல.