டிக்கெட்டில் ஊர் பெயர், இறக்கிவிடுவது பைபாஸில்

விடியற்காலை மூன்றரை மணி. "கோவில்பட்டி எறங்குறவங்க முன்னாடி வாங்க. பைபாஸ்தான், வண்டி உள்ள போகாது" என்று குரல் வந்தது. அம்மா தூக்கக் கலக்கத்தில் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இறங்கி, பையைத் தரையில் வைத்து நிமிர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நாற்கரச் சாலையின் ஓரம், வெளிச்சமே இல்லை. லாரிகள் கடக்கிற வேகத்தில் சேலைத் தலைப்பு பறக்க, ஒரு கையால் அதையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்தபடி நின்றார். முழங்கால் வலிக்காரர். உட்காரக்கூட ஒரு கல் இல்லை. ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. டிக்கெட்டில் இருந்தது "கோவில்பட்டி" என்றுதான். பைபாஸ் என்று எங்கேயும் இல்லை.

எந்த வண்டி என்று நான் சொல்லப் போவதில்லை. சென்னையிலிருந்து தெற்கே இரவில் போய் வருகிற பலருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும்.

நாகர்கோவில் என்று போர்டு போட்ட வண்டியில் ஏறுகிற எல்லோரும் நாகர்கோவில் போகிறவர்கள் இல்லை. பெரம்பலூரில் இறங்குகிறவர் இருப்பார், விருதுநகர்க்காரர் இருப்பார், சாத்தூர்க்காரர் இருப்பார். காசு கொடுத்துத்தான் அவர்களும் ஏறியிருக்கிறார்கள். அவர்களை வழியில் உதிர்த்துவிட்டுப் போவதை இன்று எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொண்டுவிட்டோம். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பயணிகள் பேருந்துகளுக்கு முக்கியமாக இரண்டு வகை பர்மிட் வைத்திருக்கிறது. அரசுப் பேருந்துகள் ஓடுவது ஸ்டேஜ் கேரேஜ் பர்மிட்டில். எந்தத் தடம், எந்த நேரம், எந்த நிறுத்தம் என்று வகுத்துக் கொடுத்திருப்பார்கள். கட்டணத்தையும் அரசுதான் நிர்ணயிக்கும். ஆம்னி பேருந்துகள் கான்ட்ராக்ட் கேரேஜ். மொத்தமாக ஒப்பந்தம் பேசி ஆட்களை ஏற்றிப்போகிற வண்டி என்பதுதான் அதற்குச் சட்டம் கொடுத்த பொருள். ஊர் ஊராக நின்று ஏற்றி இறக்குகிற பொறுப்பே அதற்குக் கிடையாது. ஆனால் நடைமுறையில் இருக்கை இருக்கையாக டிக்கெட் விற்கிறார்கள், இடையில் உள்ள ஊர்களுக்கும் விற்கிறார்கள். ஊர் பெயரைப் போட்டுக் காசு வாங்கினால் ஊருக்குள் கொண்டுபோய் விட வேண்டாமா?

அதனால்தான் அரசு விரைவுப் பேருந்தின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு. 1975இல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின் விரைவுப் பிரிவாகத் தொடங்கி, 1980இல் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகமானது. 1997இல் கழகங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயர்களை எல்லாம் எடுத்தபோது அந்தப் பெயரும் போனது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் அது "திருவள்ளுவர் பஸ்"தான். செங்கோட்டை, மார்த்தாண்டம், திருச்செந்தூர், வேளாங்கண்ணி என்று கடைக்கோடி வரைக்கும் போகிற வண்டி. பொங்கலுக்கு முந்தின ராத்திரி கூட்டம் அலைமோதும்போதும் அரசு நிர்ணயித்த கட்டணம்தான். கூட்டமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் பாதி சீட் காலியாகக் கிடக்க அதில் போயிருக்கிறேன். சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் நடத்துநர் தலை எண்ணிப் பார்த்தார். ஒருவர் குறைந்தார். போன் போட்டு, "பதினாலாம் நம்பர் சீட்டா? மெதுவா வாங்கய்யா, நீங்க வந்தாத்தான் வண்டி எடுப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அம்மாவைத் தனியாக அனுப்பலாம் என்று தோன்றியது.

சரி, ஓட்டுநர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஊருக்குள் போய்த் திரும்ப கால் மணி, இருபது நிமிஷம் ஆகும். ஓடும் நேரத்தை இறுக்கமாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, தாமதமானால் அவரிடமே விளக்கமும் கேட்டால் அவர் பைபாஸைத்தான் பிடிப்பார். ஆகவே நேர அட்டவணையிலேயே அந்த இருபது நிமிஷத்தைச் சேர்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் காலை ஐந்து மணி வரைக்குமாவது, அந்த ஊருக்கு டிக்கெட் எடுத்த பயணி இருந்தால் வண்டி பேருந்து நிலையத்துக்குள் வந்தே ஆக வேண்டும். முன்பதிவு செய்யும்போதே இறங்குமிடம் பேருந்து நிலையமா, பைபாஸா என்று தெளிவாகக் காட்ட வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

சென்னையில் ஏறுகிற இடம் பாரிமுனையிலிருந்து 2002இல் கோயம்பேடு போனது. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தென் மாவட்ட வண்டிகள் அங்கே போயின. தலைநகரில் நிலையம் இடம் மாறும்போதெல்லாம் ஊரே பேசுகிறது. இந்தப் பக்கம் இறங்குகிற இடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அம்மா அடுத்த மாதம் மறுபடி ஊருக்குப் போகிறார். டிக்கெட் போடும் முன் போன் செய்து, வண்டி ஸ்டாண்டுக்குள் வருமா என்று கேட்டுக்கொண்டுதான் போடுவேன். உங்கள் ஊருக்குள் எந்தத் தட வண்டி வருவதில்லை, எத்தனை மணிக்கு, எங்கே இறக்கிவிடுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். தொகுத்து ஆட்சியர் அலுவலகத்திலும் ஆர்டிஓவிடமும் மனுவாகக் கொடுக்கப் போகிறேன்.