பாறைக்கும் பேர் உண்டு சார்

சனிக்கிழமை வினாடி வினாவில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் வீடியோவிலேயே பார்த்துவிட்டீர்கள். ஒரு தீவின் பேரைக் கேட்டார்கள். நான் சொன்ன பதில் டார்ட்டுபாலுக். அட்டையில் இருந்தது ஹான்ஸ் தீவு. இரண்டும் ஒரே தீவுதான். தவறு என்று மணி அடித்தார்கள். சரி, போகட்டும். அப்புறம் நடுவர் மைக்கைப் பிடித்து, "ஆளே இல்லாத பாறைக்கு ரெண்டு பேரா?" என்று கேட்டாரே, சபையே சிரித்ததே, அங்கேதான் சுருக்கென்றது.

ரெண்டு பேர் இல்லை சார். பேர் ஒன்றுதான். இன்னொன்று ஒட்டவைத்தது.

கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவில், நேர்ஸ் நீரிணையில், வெறும் 1.3 சதுர கிலோமீட்டர். குடியிருப்பவர் யாருமில்லை, உண்மை. ஆனால் அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான இனுயிட் வேட்டைக்காரர்கள் அதன்மேல் ஏறி நின்றுதான் பனி எப்படி நகர்கிறது, கரடி எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். டார்ட்டுபாலுக் என்றால் கிட்னி வடிவம். நாளும் பொழுதும் சீல் என்கிற கடல் விலங்கை அறுக்கிறவன் கண்ணுக்குத்தான் ஒரு பாறை கிட்னியாகத் தெரியும். அது பேர். மேலே இருந்து யாரோ எழுதிவிட்டுப் போனது இல்லை.

நம்மாட்களுக்குத் தெரிந்தது விஸ்கி சண்டை மீம் மட்டும். தீவு யாருக்கு என்ற தகராறில், 1984இல் கிரீன்லாந்தைக் கையில் வைத்திருக்கும் டென்மார்க்கின் அமைச்சர் போய்க் கொடி நட்டது, கனடாவும் டென்மார்க்கும் மாற்றி மாற்றி பாட்டில் வைத்தது, 2022 ஜூனில் ரெண்டாகப் பிரித்துக்கொண்டது. ஹாஹா. சிரியுங்கள்.

தீவுக்கு ஒட்டவைத்த பேர் ஹான்ஸ் ஹெண்ட்ரிக் என்பவருடையது; ஆர்க்டிக் பயணக் குழுக்களோடு போன வேட்டைக்காரர். "ஹான்ஸும் கிரீன்லாந்துக்காரர்தானே, அவரைக் கௌரவித்துத்தானே வைத்தார்கள்?" என்று இன்பாக்ஸில் ஒருவர். கௌரவம்தான். அவருடைய கிரீன்லாந்துப் பெயர் சுவெர்சாக் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1872 அக்டோபரில் போலாரிஸ் என்ற அமெரிக்க ஆர்க்டிக் பயணக் கப்பலிலிருந்து பிரிந்து 19 பேர் ஒரு பனிப்பாளத்தில் மாட்டிக்கொண்டார்கள். அதில் அவரும் அவருடைய மனைவியும் நான்கு குழந்தைகளும் உண்டு. கடைசிக் குழந்தைக்கு இரண்டு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் கடலில் மிதந்தார்கள். அவரும் எபியர்பிங் என்ற இன்னொரு இனுயிட்டும் சீல் அடித்துக் கொண்டுவந்ததால்தான் 19 பேரும் உயிரோடு திரும்பினார்கள். அந்த மனிதருக்குக் கிடைத்த கௌரவம், ஏற்கெனவே பேர் இருந்த பாறையில், அவருடைய பாதிப் பேர்.

"அவரே ஹான்ஸ் என்ற பேரில்தானே நினைவுக்குறிப்பு எழுதினார்?" எழுதினார். கிரீன்லாந்து மொழியில் எழுதினார். அதை ஏன் சேர்த்துச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

நானும்தான் சாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதல் வேலையில், முதல் வாரம். "சண்முகசுந்தரம்லாம் கிளையன்ட் வாயில நுழையாதுப்பா, சாம்னு வச்சுக்க" என்றார் டீம் லீடர். பாசமாகத்தான் சொன்னார், தோளில் கைகூடப் போட்டார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அப்பா ஒருநாள் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டு சண்முகசுந்தரத்தைக் கேட்டபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டார்கள். எடுத்தவர் எனக்கு ரெண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தவர்.

அரை மார்க்குக்கு இவ்வளவு பெரிய பதிவா என்று கேட்பீர்கள். அரை மார்க் இல்லை, பத்து மார்க். கோப்பை போனது அதில்தான். அதற்காக எழுதவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

இப்போது வேறு கம்பெனி. இங்கேயும் மெயில் ஐடி சாமில்தான் தொடங்குகிறது. மாற்றச் சொல்லி டிக்கெட் போட்டு ரெண்டு வருஷம் ஆகிறது.